எங்கே பார்ப்பதென்று தெரியாதபோது: எக்ஸ் கதிர் வானுக்கு எந்தக் கண்?

2008 ஜனவரி 9. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு அங்கே வெடித்த ஒரு சூப்பர்நோவாவை அளப்பதுதான் வேலை. அளந்துகொண்டிருக்கும்போதே அதே மண்டலத்தின் வேறொரு மூலையில் புதிதாக ஓர் எக்ஸ் கதிர் வெளிச்சம் எழும்பி, சில நிமிடங்களில் அடங்கிவிட்டது. வெடித்த விண்மீனின் உள்ளிருந்து கிளம்பிய அதிர்ச்சி அலை மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கணம் அது. வானியலாளர் அலிசியா சோடர்பெர்க் குழுவினர் அதைக் கவனித்துச் சொன்னார்கள். இன்று அந்த வெடிப்பின் பெயர் எஸ்என் 2008டி.

அந்தத் தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்ப்பது 23.6 கலைக்கு 23.6 கலைச் சதுரம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. பஞ்சாங்கம் புரட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சதுரப் பாகையில் சொன்னால் 0.15. முழு வானம் 41,253 சதுரப் பாகை. ஆக, வானத்தின் இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, சரியாக அந்தச் சில நிமிடங்களில், சரியாக அந்த இடத்தில் வெடிப்பு நடந்திருக்கிறது. குருட்டு அதிர்ஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இப்படிப்பட்டவற்றைப் பிடிக்க வேண்டுமானால் என்ன கருவி வேண்டும்? என்னிடம் இயற்பியல் படிக்கும் நாலு பேர் ஒரு சிறு செயற்கைக்கோளுக்கான கருத்துரு எழுத உட்கார்ந்தபோது இந்தக் கேள்வி வந்தது. அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை: கருவி அரை மீட்டர் நீளத்தைத் தாண்டக் கூடாது, எடை ஓர் ஆளின் எடைக்குள் இருக்க வேண்டும். களத்தில் இருந்த முக்கிய வழிகள் மூன்று: வோல்ட்டர் கண்ணாடி, குறிமுகமூடி, இறால் கண். இரண்டு வாரம் கரும்பலகையில் அடித்து அடித்து எழுதியதன் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

எல்லோருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. எக்ஸ் கதிரைச் சாதாரணக் கண்ணாடி திருப்பாது. நேராக வந்து மோதினால் உள்ளே புகுந்து காணாமல் போகும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவதுபோல மிகச் சாய்வாக, பரப்பை உரசிக்கொண்டு வந்தால்தான் தெறிக்கும். இரிடியம், தங்கம் போன்ற கனமான உலோகப் பூச்சில்கூட 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிருக்கு அந்தச் சாய்வு இரண்டு மூன்று பாகைதான். ஆற்றல் கூடக் கூட அது இன்னும் ஒடுங்கும்.

முதல் வழி வோல்ட்டர் கண்ணாடி. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹன்ஸ் வோல்ட்டர் 1952இல் வகுத்த வடிவம். புனல்போல ஒடுங்கும் குழாயின் உட்சுவரில் கதிர் இரண்டு முறை உரசிக் குவியும். ஒரு குழாய் பிடிக்கும் கதிர் கொஞ்சம்தான் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறார்கள். நாசாவின் சந்திரா விண்தொலைநோக்கியில் 4 அடுக்கு, ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனில் தொலைநோக்கிக்கு 58. கூர்மையில் இதற்கு ஈடு கிடையாது: சந்திரா அரை விகலை அளவுக்குப் பிரித்துப் பார்க்கும். நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இருக்கும் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் இந்தக் குடும்பம்தான். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகளைக் கூம்பு வடிவில் அடுக்கிச் செய்தது. குவிய நீளம், அதாவது கண்ணாடியிலிருந்து கதிர் குவியும் இடம் வரையுள்ள தூரம், 2 மீட்டர்.

அந்த 2 மீட்டரிலேயே எங்கள் பிள்ளைகளின் பெட்டி அடிபட்டுப் போயிற்று. நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய குறை வேறு. வோல்ட்டர் கண்ணாடிக்கு ஓர் அச்சு உண்டு. அச்சை விட்டு விலக விலகப் படம் கலங்கும், கதிரும் குறையும். பார்வைப் பரப்பு ஒரு பாகை வாக்கில் நின்றுவிடுகிறது. 2019 ஜூலையில் ஏவப்பட்ட இரோசிட்டா என்ற விண்கருவி இப்படிப்பட்ட 7 தொலைநோக்கிகளை ஒரே பக்கம் திருப்பி வைத்து வானத்தைத் துழாவியது. ஒருமுறை முழுவதும் துழாவி முடிக்க ஆறு மாதம். நிலையாக நின்று ஒளிரும் பொருள்களைக் கணக்கெடுக்க அதுபோல வராது. ஐந்து நிமிடம் மின்னி மறைகிறதைப் பிடிக்க அது வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளரைத் திருடன் பிடிக்க அனுப்புவதுபோல.

ஜப்பானின் மாக்ஸி என்ற எக்ஸ் கதிர்க் கருவி பற்றி ஒரு வரி. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009இலிருந்து இருக்கிறது. கீற்றுத் துளை வழியே வானத்தின் ஒரு பட்டையைப் பார்த்துக்கொண்டு, நிலையம் பூமியைச் சுற்றும் சுமார் 92 நிமிடத்தில் பெரும்பாலான வானத்தைத் தடவிவிடும். எளிமையான கருவி, நீண்ட உழைப்பு. ஆனால் பட்டை கடந்து போனபின் அடுத்த சுற்று வரும் வரை அந்த இடத்துக்குக் கண் கிடையாது. நாங்கள் தேடுவது அந்த இடைவெளிக்குள்ளேயே பிறந்து செத்துவிடும்.

அடுத்தது கோடட் மாஸ்க், தமிழில் குறிமுகமூடி என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியே வேண்டாம் என்கிற கட்சி இது. துளையும் அடைப்புமாக ஒரு தட்டியை, கதிரைப் பதிவு செய்யும் உணரிக்கு மேலே நிறுத்து. எந்தத் திசையிலிருந்து கதிர் வருகிறதோ அதற்கேற்ப நிழல் நகரும். நிழல் நகர்ந்த அளவைக் கணக்கிட்டுத் திசையைக் கண்டுபிடி. ஸ்விஃப்ட்டின் பேட் கருவி இப்படித்தான். 5 மில்லிமீட்டர் சதுர ஈய வில்லைகள் சுமார் 52,000, கீழே 32,768 உணரித் துண்டுகள். தெறிப்பை நம்பாததால் ஆற்றல் கட்டுப்பாடும் இல்லை. 15 முதல் 150 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கிறது. அந்த வீச்சில் அகன்ற வானத்துக்கு வேறு கருவி தேடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

"அப்போ இதுவே போதுமே சார், எதுக்கு இறால் கண்ணு?" என்று கேட்டாள் நால்வரில் ஒருத்தி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இறாலுக்குப் போக வேண்டும்.

மீன் சந்தையில் வாங்கும் சாதாரண இறாலின் கண்ணை வெட்டி, மேல்தோலைக் கழுவி, மாணவர் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். ஈயின் கண்ணில் அறுகோணங்கள் தெரியும். இறாலில் சதுரங்கள், வரைபடத் தாள் ஒட்டியதுபோல. முதல் தடவை பார்த்தபோது யாரோ அச்சடித்து வைத்திருக்கிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழே பக்கச்சுவர் கண்ணாடிபோல ஒளியைத் தெறிக்கும் சிறு பெட்டி. லென்சால் வளைத்து ஒளியைக் குவிக்காமல், பெட்டிச் சுவரில் உரசவிட்டுத் தெறிப்பால் குவிக்கிற கண் இது. நன்னீர்ச் சிங்கி இறாலில் கிளாஸ் ஃபோக்ட் 1975இலும் இறாலில் மைக்கேல் லேண்ட் 1976இலும் இதைக் கண்டு சொன்னார்கள். உரசல் தெறிப்பு என்றதும் எக்ஸ் கதிர்க்காரர்களுக்குப் பொறி தட்டாமல் இருக்குமா? 1979இல் ராஜர் ஏஞ்சல் அதையே தொலைநோக்கியாக வரைந்து காட்டினார்.

கோளத்தின் மேல் சதுரக் குழாய்களை அடுக்கு. எல்லாக் குழாயும் மையத்தைப் பார்க்கட்டும். ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு சுவர்களிலும் ஒவ்வொரு முறை உரசும் கதிர், கோளத்தின் ஆரத்தில் பாதித் தூரத்தில் குவியும். இந்த அமைப்புக்கு அச்சு என்று ஒன்று இல்லவே இல்லை. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு நேரே சில குழாய்கள் இருக்கும். ஆக எல்லாத் திசையும் நடுத்திசை. வோல்ட்டருக்கு வாய்க்காத அகலம் இதற்குப் பிறவிச் சொத்து.

யோசனை வந்து செயலுக்கு வர நாற்பது ஆண்டு பிடித்ததற்குக் காரணம் குழாய் செய்வதுதான். முடியைவிட மெல்லிய, 40 மைக்ரான் அகலத்தில், பல லட்சம் சதுரக் குழாய்கள் கையகலத் தகட்டில் வேண்டும். கை கொடுத்தது இரவு நோக்குக் கருவிகளின் தொழில்நுட்பம். அவற்றில் எலெக்ட்ரானைப் பெருக்க மைக்ரோசேனல் தகடு என்று ஒன்று இருக்கிறது. நுண் துளைகள் நிறைந்த கண்ணாடி வில்லை. திருவிழாவில் சவ்வுமிட்டாய் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோஸும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உருண்டையை எவ்வளவு மெல்லிசாக இழுத்தாலும் பட்டை அப்படியே இருக்கும். இங்கேயும் அதே வித்தை. அமிலத்தில் கரையும் கண்ணாடி உள்ளே, கரையாத கண்ணாடி வெளியே என்று ஒரு சதுரக் கட்டையைச் சூடாக்கி இழுப்பார்கள். இழையைத் துண்டாக்கி, அடுக்கி, மறுபடி இழுப்பார்கள். கட்டாக உருக்கி ஒட்டி, குறுக்கே சீவி, உள் கண்ணாடியை அமிலத்தில் கரைத்துவிட்டால் துளைகள் மிஞ்சும். பிறகு சூட்டில் கோள வடிவுக்குத் தொய்யவைத்து, துளைச் சுவரில் இரிடியம் பூச வேண்டும். பிரான்சின் போட்டோனிஸ் நிறுவனத் தகடுகளை வைத்து இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம் இதில் நெடுநாள் உழைத்தது. அஸ்ட்ரோசாட் தொலைநோக்கியின் கேமராவைக் கொடுத்த அதே லெஸ்டர்தான். சீனா தன் தகடுகளைத் தானே செய்துகொண்டது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கான கணக்கு. 2024 ஜனவரி 9 அன்று, எஸ்என் 2008டி மின்னி மிகச் சரியாக 16 ஆண்டு கழித்து, சீனாவின் சீச்சாங் ஏவுதளத்திலிருந்து, இறால் கண் பொருத்திய ஐன்ஸ்டைன் புரோப் என்ற செயற்கைக்கோள் கிளம்பியது. அதன் அகன்ற பார்வைக் கருவியின் குவிய நீளம் 375 மில்லிமீட்டர். படத்தின் கூர்மை சுமார் 5 கலை. 375ஐ 5 கலையின் ரேடியன் அளவால் (0.00145) பெருக்கினால் அரை மில்லிமீட்டர் சொச்சம். அதாவது விண்மீனின் ஒளி விழும் புள்ளி அரிசி மணியைவிடச் சிறிது. உணரியோ 6 சென்டிமீட்டர் சதுரம், 36 சதுர சென்டிமீட்டர்.

அதே உணரிக்கு மேலே தகட்டை எடுத்துவிட்டுப் பாதி துளையுள்ள முகமூடியை வைத்தால் என்ன ஆகும்? விண்மீனின் கதிர் 18 சதுர சென்டிமீட்டரில் வந்து விழும். இறால் கண்ணில் குவிபுள்ளிக்கு வந்து சேருவது வெறும் 3 சதுர சென்டிமீட்டருக்கு ஈடானது. ஆறு மடங்கு நட்டம். ஆனால் முகமூடியில் அந்த விண்மீனின் கதிர் உணரி முழுக்கப் பரவிக் கிடப்பதால், 36 சதுர சென்டிமீட்டரிலும் விழும் பின்னணி இரைச்சல் அத்தனையோடும் அது மல்லுக்கட்ட வேண்டும். குவிபுள்ளியில் மல்லுக்கட்ட வேண்டியது அந்த அரை மில்லிமீட்டர் புள்ளிக்குள் விழும் இரைச்சலோடு மட்டும். பத்தாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. இரைச்சலின் தடுமாற்றம் அதன் வர்க்கமூலமாகப் போகும் என்பதால் நூறு மடங்கு லாபம். ஆறால் வகுத்தாலும் பதினைந்து மடங்குக்கு மேல் மிச்சம். மங்கலான பொருளுக்கு இதுதான் தீர்ப்பு. பிரகாசமான ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்துவிட்டால் முகமூடியில் அது எல்லோருடைய கணக்கிலும் இரைச்சலாக ஏறும் என்பது வேறு.

கரும்பலகையில் இதைப் போட்டு முடித்ததும் முகமூடிக் கட்சி கலைந்தது. கொஞ்சம் சீக்கிரமாகவே கலைந்தது என்று பட்டதால் மறுநாள் இறால் கண்ணின் வண்டவாளங்களை எடுத்து வைத்தேன்.

முதலில் சிலுவை. இரண்டு சுவரிலும் உரசிய கதிர்தான் புள்ளியாகக் குவியும். ஒரு சுவரில் மட்டும் உரசியது கோடாகப் படிந்து, புள்ளியின் நாலு பக்கமும் கை நீட்டும். எதிலும் உரசாமல் நேரே வந்தது மங்கலாகப் பரவும். ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 போன்ற மிகப் பிரகாசமான மூலம் ஒன்று பார்வைக்குள் வந்தால் அதன் கைகள் பல பாகை தூரம் நீண்டு, வழியில் இருக்கிற மங்கலானவற்றின் மேல் விழும். பால்வீதி மையத்தின் பக்கம் திருப்பினால் சிலுவைக் காடு.

அடுத்து, பலருக்கும் முதலில் உறைக்காத ஒன்று. தகடுகளை எத்தனை சேர்த்தாலும் ஒரு விண்மீனுக்குக் கிடைக்கும் ஒளி கூடாது. 375 மில்லிமீட்டர் குவிய நீளம் என்றால் கோளத்தின் ஆரம் 750. உரசல் கோணம் இரண்டு பாகை என்று வைத்தால், ஒரு விண்மீனுக்கு வேலை செய்வது அதற்கு நேரே இரண்டரை சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்கும் தகடு மட்டும். மற்ற தகடெல்லாம் மற்ற வானத்துக்கு. 36 தகடு கொண்ட ஒரு தொகுதியோ, அப்படி 12 தொகுதியோ, பார்வை அகலும். ஐன்ஸ்டைன் புரோப் ஒரே நேரத்தில் 3,600 சதுரப் பாகைக்கு மேல் பார்க்கிறது. ஆனால் அந்த 3 சதுர சென்டிமீட்டர் 3 ஆகவேதான் இருக்கும். ஒளியும் கூட வேண்டுமென்றால் குவிய நீளத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு மடங்கு நீட்டினால் ஒளி நான்கு மடங்கு. அதே அகலத்தைப் பார்க்க உணரிப் பரப்பும் நான்கு மடங்கு. பட்ஜெட் அங்கேதான் இடிக்கும்.

ஆற்றல் வரம்பும் உண்டு. இந்தக் கருவி 0.5 முதல் 4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை. அதற்கு மேல் உரசல் கோணம் ஒடுங்கிப் பயன் தேய்ந்துவிடுகிறது.

2024 ஜூன் 22இல், அதே சீச்சாங் தளத்திலிருந்து, அதே லாங் மார்ச்-2சி ராக்கெட் வகையில், சீனாவும் பிரான்சும் சேர்ந்து ஸ்வோம் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. அதிலும் இறால் கண் இருக்கிறது. ஆனால் வேலைப் பங்கீடு தலைகீழ். ஐன்ஸ்டைன் புரோப்பில் இறால் கண் வானத்தைக் காவல் காக்கும். ஏதாவது மின்னினால் வோல்ட்டர் தொலைநோக்கி திரும்பி உற்றுப் பார்க்கும். ஸ்வோமில் காவலுக்கு எக்ளேர்ஸ் என்ற முகமூடிக் கருவி. உற்றுப் பார்ப்பது எம்எக்ஸ்டி என்ற இறால் கண். அதில் 5க்கு 5 என்று 25 தகடு, குவிய நீளம் 1.15 மீட்டர் வாக்கில். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நீளம் மூன்று மடங்கு, ஒளி சுமார் 9 மடங்கு, 20 சென்டிமீட்டர் அகலத் தகட்டுப் பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே விண்மீனுக்கு உழைக்கிறது. உணரி சிறியது, ஆகவே பார்வை ஒரு பாகைதான். அகலத்துக்குப் பேர் போன கண்ணை ஏன் குறுக்கிப் பயன்படுத்தினார்கள் என்றால், எடைக்காக. அடுக்கடுக்கான உலோகக் குழாய்களின் இடத்தில் மெல்லிய கண்ணாடித் தகடுகள். முகமூடி காட்டும் தோராயமான இடம் அந்த ஒரு பாகைக்குள் அடங்கிவிடும், அது போதும்.

இரண்டு குழுவும் கெட்டிக்காரர்கள். ஸ்வோமுக்குக் காமா கதிர் வெடிப்புகள் முக்கியம், அவற்றின் சத்தம் வன் (ஆற்றல் மிகுந்த) கதிரில், அதனால் முகமூடி. ஐன்ஸ்டைன் புரோப் தேடியது மென் கதிரில் மட்டும் தலை காட்டும் மின்னல்களை. 2024 மார்ச் 15இல் அது பிடித்த இபி240315ஏ என்ற வெடிப்பின் செம்பெயர்ச்சி (எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதைக் காட்டும் எண்) 4.859. காமா கதிர் வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே மென் எக்ஸ் கதிர் வந்து சேர்ந்திருந்தது. காமா கதிரை மட்டும் காத்திருந்தவர்களுக்கு அந்த முன்கதை கிடைத்திருக்காது.

பிள்ளைகளின் பெட்டிக்கு வருகிறேன். எஸ்என் 2008டி மாதிரியானவைதான் அவர்கள் குறி. அது மென் கதிர், மங்கல், நிமிடக் கணக்கு. அரை மீட்டருக்குள் 375 மில்லிமீட்டர் அடங்கும். ஆகவே என் ஓட்டு ஒற்றைத் தொகுதி இறால் கண்ணுக்கு. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: ஐன்ஸ்டைன் புரோப்புக்கு முன்னோட்டமாக 2022 ஜூலையில் லீயா என்ற ஒரே ஒரு தொகுதியை வேறொரு செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பிப் பார்த்தார்கள். 18.6 பாகைக்கு 18.6 பாகைப் பார்வை. ஸ்விஃப்ட்டின் அந்த ஜன்னலைப்போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். வன் கதிர் வேண்டுமென்று அவர்கள் மனம் மாறினால் என் ஓட்டும் முகமூடிக்கு மாறும், வெட்கமில்லாமல்.

கூடவே ஒன்று சொன்னேன். 5 கலைக் கூர்மையில் ஒரு புள்ளியைக் காட்டினால் அந்த வட்டத்துக்குள் மங்கலான விண்மீன் மண்டலங்கள் எத்தனையோ இருக்கும். எது என்று சொல்ல வேறொரு கூர்மையான கண் சீக்கிரம் திரும்ப வேண்டும். பெரிய செயற்கைக்கோள்கள் அதைக் கூடவே சுமந்து போகின்றன. அரை மீட்டர்ப் பெட்டியில் இடம் ஏது? ஊர் உலகத் தொலைநோக்கிகளை நம்ப வேண்டியதுதான். அதற்குச் செய்தி நிமிடங்களில் தரைக்கு வந்தாக வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து நிலையத்துக்கு மேலே வரும்போது இறக்கிக்கொள்ளலாம் என்றால் இவ்வளவும் பாழ்.

அவர்கள் எழுதியிருந்த செலவுப் பட்டியலில் தகட்டுக்கு ஒரு வரி, உணரிக்கு ஒரு வரி, குளிர்விப்புக்கு ஒரு வரி இருந்தன. செய்தி அனுப்பும் ரேடியோ "இதர செலவுகள்" என்பதற்குள் கிடந்தது. அதை எடுத்துத் தலைப்புக்கு அடுத்த முதல் வரியில் எழுதிக்கொண்டு போனார்கள்.